ஊருக்கென்று வைத்த பால் டின்கள்

தம்பி,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். என் காதில்தான் கோளாறோ என்று உன் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து மறுபடியும் கேட்டேன். கோளாறு ஒன்றும் இல்லை. "பெட்டிய அவுத்து எல்லாரு முன்னாடியும் என்னைய அசிங்கப்படுத்திட்டீகளேப்பா" என்று நீதான் சொல்கிறாய், நன்றாகவே சொல்கிறாய். விமான நிலையத்தில் நீ வாயைத் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. விசா கேன்சல் ஆகி ஒரேயடியாக ஊருக்குப் போகிற மனிதன் மகனோடு சண்டை போட்டுக்கொண்டு போகக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். இனிமேல் அந்தக் கட்டாயம் எனக்கு இல்லை. உன் மெசேஜுக்கு மெசேஜில் பதில் சொன்னால் பாதியில் கோபம் மூச்சை அடைத்துவிடும். அதனால் எழுதுகிறேன். கலையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி. என் மருமகளுக்குத் தெரியாமல் நான் சொல்லவேண்டியது எதுவும் இதில் இல்லை.

முதலில் அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் நீ பேசுவதைக் கேட்டால் நான் ஏதோ கோவில் உண்டியலை உடைத்தவன் மாதிரி இருக்கிறது. பெட்டி கட்டுவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? முன்பு சவுதியில் அல் கோபார் கேம்ப்பில் நான் இருந்த காலத்தில் லீவில் போகிறவன் பெட்டி கட்டும் நாள் ரூமுக்கே திருநாள். ஒருத்தன் அட்டைப்பெட்டி தேடிப்பிடித்து வருவான், ஒருத்தன் நீல நைலான் கயிற்றோடு நிற்பான், ஒருத்தன் முட்டி போட்டு மேலே உட்கார்ந்து அமுக்குவான். கயிறு இறுக்கிப் பெயரும் ஊரும் மார்க்கர் பேனாவில் எழுதிவிட்டால் கலாஸ், முடிந்தது, அதற்குமேல் அந்தப் பெட்டி ரூமில் இருந்தாலும் ரூமுக்குச் சொந்தமில்லை. அது ஊர் சாமான். ஒருமுறை பழனி என்று ஒரு ரூம்மேட் தலைவலியில் சுருண்டு கிடந்தான். அவன் கட்டிலுக்கு அடியில் அவன் பெட்டி, அதற்குள் அவன் வாங்கி அடுக்கிய தைல பாட்டில்கள். நாங்கள் என்ன செய்தோம்? வெயிலில் நடந்துபோய் கடையில் புதிதாக ஒரு தைலம் வாங்கி வந்து தேய்த்தோம். அவனுக்கும் பெட்டி ஞாபகம் வரவில்லை, எங்களுக்கும் வரவில்லை. ஞாபகம் வந்தபோது வயிறு வலிக்கச் சிரித்தோம். உனக்கும் சின்ன வயதில் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன், நீயும் சிரித்தாய். தைலம் என்றால் சிரிக்கலாம், தம்பி. பச்சைப்பிள்ளையின் பால் என்றால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

துபாய்க் கேம்ப்பைக் காலி செய்துவிட்டு டிக்கெட் தேதி வரை இருந்துவிட்டுப் போகலாம் என்றுதான் தேராவில் உன் ஃபிளாட்டுக்கு வந்தேன். ஒரு ரூமில் நீயும் கலையும் என் பேத்தி யாழினியும். எதிர் ரூமில் யாழ்ப்பாணத்துச் சுதனும் தர்சினியும் அவர்கள் ஆண் குழந்தையும். நடுவில் ஒரே ஒரு சமையலறை, இரண்டு வீட்டுப் பால் புட்டியும் ஒரே கூடையில் கவிழ்ந்து காயும். இரண்டு குழந்தைகளும் ஒரே கம்பெனிப் பால் பவுடர்தான் குடித்தார்கள். ஹாலில் ஒரு பாய் விரித்துக்கொண்டு நான் கிடந்தேன், சந்தோஷமாகவே கிடந்தேன். பால்கனியில் எனக்கென்று நீ கட்டி வைத்திருந்த பெட்டியைப் பார்த்துப் பெருமையும் பட்டேன், அதையும் மறைக்கவில்லை. என் மகன் எனக்குப் பெட்டி கட்டுகிற காலம் வந்துவிட்டது என்று உன் அம்மாவிடம் போனில் சொன்னேன். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

அப்போதுதான் அந்தப் பால் பவுடர் கடைகளில் காணாமல் போக ஆரம்பித்தது. கப்பல் வரவில்லை என்றார்கள், கம்பெனியே திரும்ப எடுத்துக்கொண்டது என்றார்கள், யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் அலமாரி காலி. நானும் நீயும் அந்த ஞாயிற்றுக்கிழமை பெரிய கடை, சின்ன கடை, மருந்துக்கடை என்று ஏறி இறங்கினோம். போன இடத்தில் எல்லாம் "மாஃபி", இல்லை என்று கையை விரித்தார்கள். ஒரு கடையில் இல்லை என்று சொன்ன ஆளே வெளியே வந்து, தன் நண்பரிடம் இருக்கிறது, விலை வேறு என்று காதில் சொன்னான். குழந்தைப் பாலில் லாபம் பார்க்கிறவன் எல்லாம் மனிதனா என்று நீ கொதித்தாய். நானும் உன்னோடு சேர்ந்து கொதித்தேன். பிறகு உன் அத்தை ஊரிலிருந்து போன் போட்டு, தாய்ப்பால் கொடுத்தால் இந்தக் கஷ்டம் உண்டா என்று கலையிடம் கேட்டாள். கலைக்குப் பால் பற்றாமல் போய் அவள் எத்தனை நாள் அழுதாள் என்று உன் அத்தைக்குத் தெரியாது. தெரியாவிட்டால் வாயை மூடிக்கொண்டு இருக்கலாம். பெற்றவளைக் குறை சொன்னால் பால் பவுடர் கிடைத்துவிடும் என்று நினைக்கிற ஜனங்களை என்ன செய்வது?

அன்று மத்தியானம் தர்சினி உங்கள் ரூம் வாசலில் வந்து நின்று, ஒரு டின் இருந்தால் தரமுடியுமா, கிடைத்ததும் திருப்பித் தந்துவிடுகிறேன் என்று கேட்டாள். எங்களுக்கே இல்லையம்மா என்று நீ சொன்னாய். கலையும் அதையே சொன்னாள். நான் ஹாலில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். உங்கள் குரலில் ஒரு பொய்யும் இல்லை, ரொம்பவும் வருத்தப்பட்டுத்தான் சொன்னீர்கள்.

யாழினிக்கு அப்போது ஒன்றிரண்டு நாளைக்குப் பால் மிச்சம் இருந்தது. அவளுக்குக் காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை, என் மூக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டு கெக்கலித்துக்கொண்டிருந்தாள். அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நீ ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குக் கிளம்பினாய். காலையிலிருந்து ஒன்றும் குடிக்கவில்லை என்று சொன்னால் வார்டில் இருக்கிற டின்னில் ஒன்றைக் கொடுத்துவிடுவார்கள் என்று ஏதோ ஒரு வாட்ஸாப் குரூப்பில் எவனோ போட்டானாம். எனக்கு அப்போதே சரியாகப் படவில்லை. ஆனாலும் துணைக்கு வந்தேன்.

அங்கே நடந்ததை நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. மலையாளத்து நர்ஸ் ஒருத்தி, நம்மிடம் தமிழிலேயே பேசினாள், யாழினியைத் தொட்டுப் பார்த்து, எடை பார்த்து, ஒன்றுமில்லை என்று எழுதிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் கம்பெனி யூனிஃபார்மோடு ஒரு பாகிஸ்தானி டிரைவர் ஒரு குழந்தையைத் தோளில் போட்டு ஓடி வந்தான். அந்தக் குழந்தைக்கு மூச்சு இழுத்தது, விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வந்தது. நர்ஸ் பேனாவை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். நீ சொன்னாய், "சிஸ்டர், நாங்கதான் முதல்ல வந்தோம்."

உன்னைப் பெற்றதிலிருந்து உன்னால் நான் தலைகுனிந்ததே இல்லை. பரீட்சையில் தோற்றபோதுகூட இல்லை. அந்த ஒரு நிமிஷம் குனிந்தேன். மூச்சுக்குத் தவிக்கிற பிள்ளைக்கு முன்னால் நாம் க்யூவில் நின்றதைப் பற்றிப் பேசினோம். அது பஸ் டிக்கெட் கவுன்டரா?

அவள் திரும்பி வந்து உன்னைத் திட்டக்கூட இல்லை. பொறுமையாகச் சொன்னாள். குழந்தை நன்றாக இருக்கும்போது பாலுக்காக இங்கே வராதீர்கள், தடுப்பூசி போடும் கிளினிக்குக்குப் போன் போட்டு அங்கே குழந்தையைப் பார்க்கிற டாக்டரிடம் கேளுங்கள், ஆரோக்கியமான குழந்தைக்கு அதே வயதுக்கான வேறு கம்பெனிப் பால் அநேகமாக ஒத்துக்கொள்ளும், எதை வாங்கலாம் என்று அவர் சொல்லுவார் என்றாள். பெரியவர்கள் டீக்குப் போடும் பால் பவுடரைக் கொடுக்கவே கூடாது, இருக்கிற பாலில் தண்ணீரைக் கூட்டி ஊற்றவும் கூடாது, குழந்தை துவண்டாலோ பால் குடிக்க மறுத்தாலோ ஒரு நிமிஷமும் யோசிக்காமல் வாருங்கள் என்றும் சொன்னாள். ஒரு போனில் முடிகிற காரியம். அதற்கு ஒரு நர்ஸையும் ஒரு டாக்டரையும் ஒரு கட்டிலையும் நாம் பிடித்து வைத்திருந்தோம்.

சொன்னதைக் கேட்டுக்கொண்டு சும்மா வந்திருந்தால்கூட இந்தக் கடிதத்துக்கு வேலை இருந்திருக்காது. நீ ஃபிளாட்டுக்கு வந்ததும் சமையலறையில் நின்று ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்தினாய். பிள்ளையைக் கூட்டிப்போனால் மதிக்கிறார்களா, பால் பவுடர் விஷயமாக எவன் போனாலும் திட்டி அனுப்புகிறார்கள், அந்தப் பக்கமே போகக்கூடாது என்றாய். யாரும் உன்னைத் திட்டவில்லை. உன் ரோஷம் அப்படிக் கேட்டுக்கொண்டது. எதிர் ரூம் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்ததை நான் பார்த்தேன், நீ பார்க்கவில்லை.

மறுநாள் காலை நீ ஆபீஸ் போய்விட்டாய், சுதனும் டியூட்டிக்குப் போய்விட்டான். நான் டீ போடச் சமையலறைக்குப் போனேன். தர்சினி புட்டி நிறைய வெந்நீர் ஊற்றிவிட்டு, கரண்டியில் பாதிக்குப் பாதிகூட இல்லாமல் பவுடரைப் போட்டுக் கலக்கினாள். பால் நிறமே வரவில்லை, அரிசி கழுவின தண்ணீர் மாதிரி இருந்தது. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். "கிடக்கிற பால்மாவ இழுத்துப் பிடிக்கத்தானே வேணும், ஐயா" என்றாள். உள்ளே போய்க் குழந்தையைப் பார்த்தேன். வழக்கமாக என்னைக் கண்டால் காலை உதைக்கிற பிள்ளை கண்ணைத் திறக்கவே சோம்பல்பட்டுக் கிடந்தது. கையைத் தூக்கி விட்டால் தொப்பென்று விழுந்தது. இதை ஏன் இன்னும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை என்று நான் கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன். அவள் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன், இதை நீ படிக்கவேண்டும்.

"பால்மா விசயமாப் போனா ஏசி அனுப்புவினம் எண்டு அண்ணை நேற்றுச் சொன்னவர். அதுதான் பயத்தில நிக்கிறன், ஐயா."

அவள் சொன்ன அண்ணை நீதான். ஆஸ்பத்திரிக்குப் போகவே தேவையில்லாத நாம் காரில் ஏறிப் போனோம். போயே ஆகவேண்டிய பிள்ளை உன் வாய்ப்பேச்சைக் கேட்டு வீட்டில் கிடந்தது. அந்தக் குழந்தைக்கு ஒன்று ஆகியிருந்தால், நீயும் நானும் எந்த முகத்தோடு அந்தச் சமையலறையில் நிற்பது? உன்னை அசிங்கப்படுத்தினேன் என்கிறாயே, அசிங்கம் எங்கே இருந்தது என்று இப்போது தெரிகிறதா?

கைலியோடே டாக்ஸி பிடித்து ஓடினேன். அதே நர்ஸ்தான் இருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் சுருங்கியது, மறுபடியும் டின்னுக்கு வந்திருக்கிறான் கிழவன் என்று நினைத்திருப்பாள். அவளைக் குறை சொல்லமாட்டேன், அந்த முகச்சுருக்கத்தை முந்தின நாள் நாம்தான் சம்பாதித்து வைத்துவிட்டுப் போனோம். ஆனால் தர்சினி கையில் இருந்த பிள்ளையைப் பார்த்த கணமே வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நாள்கணக்கில் வெறும் தண்ணீராகக் குடித்ததில் உடம்பில் உப்பு குறைந்துவிட்டது, இன்னும் தாமதித்திருந்தால் வலிப்பு வந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். சுதன் சைட்டிலிருந்து நேராக ஓடி வந்தான். பயம் தெளிய மாலை ஆகிவிட்டது.

உள்ளே ஏசி குளிரில் தர்சினி நடுங்கிக்கொண்டிருந்தாள். மாற்றுத் துணியும் போர்வையும் எடுத்துவர நானும் சுதனும் ஃபிளாட்டுக்கு வந்தோம். கலையிடம் ஒரு கம்பளி கேட்டேன். புதுக் கம்பளி பெட்டியில்தான் இருக்கிறது, ஆனால் பெட்டி கட்டியாச்சே மாமா என்றாள். கட்டினால் என்ன, கத்தியைக் கொண்டா என்றேன். தயங்கித் தயங்கித்தான் கொடுத்தாள். கயிற்றை அறுத்தேன், கம்பளியை உருவினேன். அதற்கு அடியில் வரிசையாக, மூடி மின்ன மின்ன, பால் டின்கள். நாம் வெயிலில் தெருத்தெருவாகத் தேடிய அதே பால், அதே வயதுக்கானது. கலை வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஊருக்குன்னு வச்சது மாமா அது" என்றாள். அவள் முகத்தைப் பார்த்தால், அந்த டின்களை அவளே அன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறாள் என்று சொல்லலாம்.

பிறகுதான் அவள் சொன்னாள், கடையில் ஆஃபர் போட்டபோது நீ மொத்தமாக வாங்கினாயாம், பாதி யாழினிக்கு, பாதி ஊருக்கு. ஊரில் எந்தக் கைக்குழந்தைக்கு? ஒரு குழந்தைக்கும் இல்லை. போன தடவை அனுப்பியதில் காபி போட்டால் ருசி தனி என்று உன் அத்தை சொன்னாளாம். பாப்பா குடிக்கிற பாலையே அனுப்பு என்று கேட்டாளாம். கைக்குழந்தை பாலில் காபி போட்டுக் குடித்துக்கொண்டுதான் அவள் தாய்ப்பால் பற்றி கலைக்குப் புத்தி சொல்லியிருக்கிறாள்.

நீ அதைத் தெரிந்தே ஒளித்து வைத்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. கள்ளனைத் திட்டலாம், திட்டினால் அவனுக்கும் உறைக்கும். நீ ஒளிக்கவில்லை. வீட்டில் பால் இல்லை என்று நிஜமாகவே நம்பினாய். பெற்ற மகளுக்கே எடுக்கத் தோன்றாத அளவுக்கு ஒரு நைலான் கயிறு உன் புத்தியைக் கட்டிவிட்டது. அலமாரியில் இருப்பதுதான் நமக்கு, பெட்டிக்குள் இருப்பது ஊரார் கண்ணுக்கு. நாங்கள் ஒரு தலைமுறை முழுக்க அப்படித்தான் வாழ்ந்தோம். கட்டிலில் காய்ந்த ரொட்டியைத் தின்றுவிட்டு ஊருக்கு பிஸ்கட் டின் அனுப்பினோம். எங்களுக்கு அப்போது பக்கத்தில் பிள்ளைகள் இல்லை. உனக்கு இருக்கிறது. எதிர் ரூமிலும் இருக்கிறது.

நீ ஆபீஸிலிருந்து வந்தபோது நான் டின்களைச் சுதன் கையில் அடுக்கிக்கொண்டிருந்தேன். "அப்பா, அது ஊருக்கு வச்சது. வெறுங்கையோடயா ஊருக்குப் போவீக?" என்றாய். ஆஸ்பத்திரியில் கிடக்கிற பிள்ளையைப் பற்றி உனக்கு அதற்குமுன் கலை போனில் சொல்லியிருந்தாள். தெரிந்துகொண்டே அப்படிக் கேட்டாய். சுதன் உன்னைப் பார்க்கவில்லை. கையில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் தரையில் இறக்கி வைத்தான். "ஒண்டு காணும் ஐயா, அதுவே போதும். மற்றதுகள யாழினிக்கு வையுங்கோ" என்றான். முந்தின நாள் உங்கள் வாசலில் வெறுங்கையோடு திரும்பியவளின் வீட்டுக்காரன், உன் மகளுக்கு வேண்டுமே என்று நினைத்தான். நான் வலுக்கட்டாயமாக இன்னொன்றை அவன் பையில் திணித்தேன். யாழினிக்கு வேண்டியதை எடுத்து வைத்துவிட்டு, மிச்சம் இருப்பதைக் கட்டடத்து வாட்ஸாப் குரூப்பில் எழுதிப் போடச் சொல்லி, டின் காலியான வீடுகளுக்குக் கொடுத்துவிடச் சொன்னேன். இதைத்தான் நீ எல்லார் முன்னாடியும் அசிங்கப்படுத்தியதாகச் சொல்கிறாய்.

நான் துணிப்பையோடு வந்து இறங்கினேன். உன் அத்தை பெட்டி ஏற்றுவதற்கென்றே வேன் பிடித்து ஏர்போர்ட்டுக்கு வந்திருந்தாள். "என்னண்ணே, பொட்டியக் காணோம்?" என்றாள். இல்லை என்றேன். அவ்வளவு பெரிய வேனில் என் துணிப்பையை மட்டும் ஏற்றிக்கொண்டு வந்தோம். மறுநாள் நம் வீட்டுக்கு வந்து, உன் அம்மா போட்ட கறந்த பால் காபியைக் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் ஊற்று என்று டம்ளரை நீட்டினாள். எனக்கு ஒரு மானமும் போகவில்லை, தம்பி.

தர்சினி நேற்று எனக்குப் போன் போட்டாள். பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டதாம், மறுபடியும் காலை உதைக்கிறானாம். உன்னைப் பற்றி நான் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள். அண்ணை எங்கட முகத்தைப் பார்க்காமல் போய் வாறார், எங்களில ஏதும் கோபமோ என்று கேட்டாள். உன் கோபத்துக்கு அவள் என்ன காரணம் சொல்லுவாள் என்று நீயே யோசித்துப் பார். லைனில் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அதனால் இப்போது நீ செய்யவேண்டியது இதுதான். யாழினியைத் தூக்கிக்கொள். சமையலறையைத் தாண்டி எதிர் ரூம் கதவைத் தட்டு. பிள்ளை எப்படி இருக்கிறான் என்று கேள், அவனைக் கையில் வாங்கிப் பார். உன் பேச்சைக் கேட்டுத்தான் அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்தார்கள் என்பதை உன் வாயாலேயே அவர்களிடம் சொல். அதற்குப் பிறகு எனக்குப் போன் செய். அதற்குமுன் நீ அனுப்புகிற எந்த மெசேஜையும் நான் திறக்கமாட்டேன்.

அப்பா